ஆம், இல்லை, சொல்ல இயலாது: விபத்துப் பிரிவில் அல்ட்ராசவுண்ட் கற்பிக்கவும் மதிப்பிடவும் ஒரு வழிகாட்டி

விபத்தில் அடிபட்டு, இரத்த அழுத்தம் சரிந்த நிலையில் கொண்டுவரப்படும் ஒருவரின் வயிற்றுக்குள் இரத்தம் தேங்கியிருக்கிறதா என்பதை, அவரைப் படுக்கையிலிருந்து நகர்த்தாமலே சில நிமிடங்களில் பார்த்துச் சொல்ல உதவுவது ஃபாஸ்ட் எனப்படும் அல்ட்ராசவுண்ட் பரிசோதனை. ஐரோப்பிய அறுவை மருத்துவர்கள் 1970களிலேயே இந்த நோக்கத்துக்கு அல்ட்ராசவுண்டைக் கையாளத் தொடங்கினர். ஃபாஸ்ட் என்ற பெயர் 1990களில் அமெரிக்காவில் நிலைபெற்றது. நெஞ்சறையில் காற்று புகுந்துள்ளதா என்பதையும் சேர்த்துப் பார்க்கும் இ-ஃபாஸ்ட் என்னும் விரிந்த வடிவம் 2004இல் முன்வைக்கப்பட்டது. இக்கட்டுரை, தம் துறையிலுள்ள மருத்துவர்களுக்கு இப்பரிசோதனையைக் கற்பித்து, அவர்கள் தனித்துச் செய்யத் தகுதி பெற்றுவிட்டார்களா என்று தீர்மானிக்கும் பொறுப்பை முதன்முறையாக ஏற்பவருக்காக எழுதப்படுகிறது. கற்க வருபவரும் இதைப் படிக்கலாம். தம்மை எதைக்கொண்டு அளக்கப்போகிறார்கள் என்பது முன்னரே தெரிந்திருப்பதில் தவறில்லை.

முதற்படி: கேள்விகளை எழுதி வைப்பது

கருவியை இயக்குவதற்கு முன்பே, இப்பரிசோதனை எந்தக் கேள்விகளுக்கு விடை தேடுகிறது என்பதை ஒரு தாளில் எழுதிவிட வேண்டும். வயிற்றறையில் திரவம் தேங்கியுள்ளதா? இதய உறைக்குள் திரவம் உள்ளதா? நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் திரவம் உள்ளதா? அங்கே காற்று புகுந்துள்ளதா? இவ்வளவுதான். கல்லீரல் எந்த இடத்தில் கிழிந்துள்ளது, குடலில் துளை விழுந்துள்ளதா, உதரவிதானம் பிளந்துள்ளதா, வயிற்றறைக்குப் பின்புறம் இரத்தம் கட்டியுள்ளதா ஆகிய கேள்விகளுக்கு இப்பரிசோதனை நம்பகமான விடை தராது. எல்லையை முதல் நாளே வரையாவிட்டால், பத்து நாள்களில் பயிற்சி பெறுபவர் பித்தப்பைக் கற்களைத் தேடத் தொடங்கிவிடுவார்.

ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று விடைகள் உண்டு என்பதையும் அதே தாளில் குறிக்க வேண்டும்: ஆம், இல்லை, சொல்ல இயலாது. பல பயிற்சித் திட்டங்கள் முதலிரண்டை மட்டுமே கற்பிக்கின்றன. உடற்பருமனாலோ, தோலுக்கடியில் காற்று பரவியதாலோ, குடல் வாயுவாலோ, காயத்தின் மேல் போடப்பட்ட கட்டாலோ ஓர் இடம் சரியாகத் தெரியாதபோது, தெரியவில்லை என்று உரக்கச் சொல்லும் துணிவே நோயாளியைக் காக்கிறது. பார்க்க முடியாத இடத்தை இயல்பான இடமாகப் பதிவு செய்வது, இத்துறையில் நான் மிகுதியாகக் காணும் பிழை. அது பெரும்பாலும் அறியாமையால் அன்றி, மூத்தவர்கள் சுற்றி நிற்கும்போது ஏற்படும் தயக்கத்தால் நேர்கிறது. ஆகவே பயிற்சியும் மதிப்பீடும் இந்த மூன்றாம் விடையைச் சுற்றியே அமைய வேண்டும் என்பது என் கருத்து.

இரண்டாம் படி: கருவியோடு பழக்குதல்

வயிற்றுக்கும் இதய உறைக்கும் 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான வளைந்த முகமுடைய புரோப் (உடலின் மேல் வைத்து ஒலியை அனுப்பிப் பெறும் கைப்பகுதி) போதும். நெஞ்சறையின் மேற்பரப்பைப் பார்க்க, அதிர்வெண் கூடிய நேர்முகப் புரோப் தெளிவான படத்தைத் தரும். பயிற்சி பெறுபவர் முதலில் கற்க வேண்டிய பொத்தான்கள் மூன்றே: ஆழம், ஒளிர்வு, படத்தைச் சேமித்தல். புரோப்பின் ஒரு பக்கத்தில் உள்ள அடையாளக் குறி நோயாளியின் தலையை அல்லது வலப்பக்கத்தை நோக்கியிருக்க, திரையில் அதற்குரிய குறி இடப்பக்கம் இருக்க வேண்டும் என்பது வயிற்றுப் பரிசோதனையின் வழக்கம். இதய மருத்துவர்கள் திரைக்குறியை வலப்பக்கம் வைத்துப் பழகியவர்கள். அவர்கள் பயன்படுத்திய கருவியை அப்படியே எடுத்து வயிற்றைப் பார்க்கத் தொடங்கினால் எல்லாம் இடவலம் மாறித் தோன்றும். இந்தக் குழப்பத்தை ஒருமுறை வேண்டுமென்றே உண்டாக்கிக் காட்டிவிடுவது நல்லது.

அடிப்படை இயற்பியலுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒதுக்கத் தேவையில்லை. திரவம் கருமையாகத் தெரியும், எலும்பு ஒலியைத் தடுத்துப் பின்னால் நிழல் வீழ்த்தும், காற்று ஒலியைச் சிதறடிக்கும், திரவத்துக்குப் பின்னால் இருக்கும் பகுதி இயல்புக்கு மீறி வெளுத்துத் தெரியும் என்ற நான்கையும் புரிந்துகொண்டவர் மீதியைப் படத்தின் முன்னால் கற்றுக்கொள்வார்.

மூன்றாம் படி: நலமான உடலில் இடங்களைக் கற்பித்தல்

தன்னார்வலர்களின் உடலில், வலது மேல்வயிற்றிலிருந்து தொடங்குவது எளிது. கல்லீரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் இடையிலுள்ள மாரிசன் இடுக்கைக் கண்டவுடன் புதியவர் மகிழ்ந்து புரோப்பை எடுத்துவிடுகிறார். அங்கேதான் அவரை நிறுத்த வேண்டும். படுத்திருப்பவரின் வயிற்றில் சிறிதளவே திரவம் இருக்கும்போது அது முதலில் தென்படும் இடங்களுள் ஒன்று கல்லீரலின் கீழ்நுனி. ஆகவே அந்த நுனி முழுமையாகத் திரையில் வந்து, புரோப்பை முன்னும் பின்னும் விசிறிபோல் சாய்த்துச் சிறுநீரகம் தோன்றி மறையும் வரை பார்த்த பிறகே அந்த இடம் பார்க்கப்பட்டதாகக் கொள்ள வேண்டும். ஒரே ஒரு நிலைப்படம் பரிசோதனை ஆகாது. பின்னர் புரோப்பைச் சற்று மேலே நகர்த்தி உதரவிதானத்தைக் கடந்தால், நலமான ஒருவரில் முதுகெலும்பின் வரிசை உதரவிதானத்தோடு முடிந்துவிடும். காற்று நிறைந்த நுரையீரல் அதற்கு மேலே எதையும் காட்டாது. நெஞ்சறையில் திரவம் இருந்தால் அந்த வரிசை உதரவிதானத்துக்கு மேலும் தொடரும். இந்த ஓர் அடையாளத்தைத் தன்னார்வலரின் உடலில் இல்லாமையாகப் பார்த்துப் பழகியவர், பின்னாளில் அது இருக்கும்போது தவறவிடுவதில்லை.

இடது மேல்வயிறு புதியவர்களைச் சோதிக்கும் இடம். வலப்பக்கம் வைத்த அதே உயரத்தில் இங்கும் புரோப்பை வைப்பார்கள், மண்ணீரல் கிடைக்காது. மேலும் பின்னும் போக வேண்டும். கை விரல்முட்டிகள் படுக்கையைத் தொடும் அளவுக்குப் பின்னால் போகச் சொல்வது எனக்குப் பலன் தந்த அறிவுரை. அதைவிட முக்கியமானது, இப்பக்கத்தில் திரவம் முதலில் மண்ணீரலுக்கும் உதரவிதானத்துக்கும் இடையில் தேங்குகிறது என்பதாகும்; மண்ணீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் இடையிலுள்ள இடுக்கு இரண்டாம் இடம்தான். வலப்பக்கத்துப் பழக்கத்தால் அந்த இடுக்கை மட்டும் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்பவர்கள் பலர். உணவோ நீரோ நிறைந்த இரைப்பையைத் திரவத் தேக்கமாகக் கருதும் பிழையும் இங்கேதான் நிகழ்கிறது.

இடுப்புப் பகுதியைச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்கும்போதே பார்க்க வேண்டும். சிறுநீர்க் குழாய் செருகிய பிறகு ஒலிக்கு வழிவிடும் சாளரம் சுருங்கிவிடும் என்பதால், இந்த வரிசையைக் காயப்பிரிவுக் குழு முழுவதற்கும் அறிவித்து வைப்பது பயிற்றுநரின் வேலைகளுள் ஒன்று. சிறுநீர்ப்பைக்குப் பின்னால் உள்ள பகுதி மிகையாக வெளுத்துத் தெரிவதால் சிறிதளவு திரவம் அந்த வெளுப்பில் மறைந்துபோகும். ஆழப்பகுதியின் ஒளிர்வைக் குறைத்துப் பார்க்கக் கற்பிக்க வேண்டும். நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் பார்க்காத இடுப்புப் பரிசோதனை முழுமையானதன்று. குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களுக்கு இடுப்பில் சிறிதளவு திரவம் இயல்பாகவே இருக்கக்கூடும் என்பதையும், ஆண்களில் விந்துப்பைகள் கருமையாகத் தோன்றித் திரவமென மயக்கும் என்பதையும் இவ்விடத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

இதயத்தைப் பார்க்க, மார்பெலும்பின் கீழ்நுனிக்கு அடியில் புரோப்பைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்து, இடது தோளை நோக்கி, கல்லீரலைச் சாளரமாகக் கொண்டு பார்க்க வேண்டும். ஆழத்தைப் போதுமான அளவு கூட்டாததே இங்கே தோல்விக்கு முதற்காரணம். வயிறு வலிப்பவரிடம் அழுத்தியும் படம் கிடைக்காதபோது, மார்பெலும்பின் இடப்பக்கம் விலா இடைவெளிக்கு மாறத் தெரிந்திருக்க வேண்டும். இதயத்தின் முன்புறத்தில் மட்டும் தெரிந்து, உள்ளே நுண்புள்ளிகளுடன் இதயத்தோடு சேர்ந்தே அசையும் அடுக்கு பெரும்பாலும் கொழுப்பே. இதைத் திரவமென்று அறிவித்து அறையையே பதறவைத்தவர்களுள், என் தொடக்கக் காலத்தில், நானும் ஒருவன்.

நெஞ்சறையில் காற்றைத் தேடும்போது, மல்லாந்து படுத்திருப்பவரில் காற்று முன்புறம் மேலெழும் என்பதால், காறையெலும்பின் நடுக்கோட்டை ஒட்டிய மேல் விலா இடைவெளிகளில் பார்க்கிறோம். இரு விலா நிழல்களுக்கு இடையே பளிச்சிடும் நுரையீரல் உறைக்கோடு மூச்சோடு முன்னும் பின்னும் வழுக்குவது இயல்பு. அந்த வழுக்கு இருந்தால், புரோப் வைத்த அந்த இடத்தில் காற்று இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம். வழுக்கு இல்லாமை மட்டும் காற்றுக்குச் சான்றாகாது: மூச்சுக்குழல் குழாய் ஒரு பக்க நுரையீரலுக்குள் ஆழ்ந்து இறங்கியிருக்கலாம், உறைகள் பழைய நோயால் ஒட்டியிருக்கலாம், நோயாளி மூச்சே விடாமல் இருக்கலாம். வழுக்குவதும் வழுக்காததும் ஒரே திரையில் சந்திக்கும் நுரையீரல் முனை தென்பட்டால் ஐயம் நீங்கும். ஆனால் அதைத் தேடுவதற்காக நிலை சரிந்துகொண்டிருக்கும் நோயாளியிடம் நேரத்தைச் செலவிடக் கூடாது.

நான்காம் படி: நோயுள்ள படத்தைக் காணச் செய்தல்

நலமான உடல்களிலேயே 50 முறை பழகியவர், உண்மையான திரவத்தை முதன்முதலில் அடிபட்டவரின் வயிற்றில்தான் பார்ப்பார் என்றால் பயிற்சியில் ஓட்டை இருக்கிறது. வயிற்றறை வழியாக டயாலிசிஸ் செய்துகொள்ளும் நோயாளிகள் ஒப்புதல் தந்து பயிற்சிக்கு உதவுவது பல இடங்களில் கையாளப்பட்ட சிறந்த வழி. திரவத்தின் அளவு தெரிந்திருப்பதும், அதை வடிக்கும் முன்னும் பின்னும் ஒப்பிட முடிவதும் அதன் சிறப்பு. கல்லீரல் நோயால் வயிற்றில் நீர் கோத்தவர்களும், உரிய ஒப்புதலோடு, உதவலாம். சிமுலேட்டர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் பயிற்சி நின்றுவிடாது. அடையாளங்கள் நீக்கப்பட்ட காணொளிப் பதிவுகளின் தொகுப்பு ஒன்றைப் பயிற்றுநர் முதல் நாளிலிருந்தே சேர்த்து வர வேண்டும். அதில் தெளிவான படங்களைவிட மங்கலான, ஐயத்துக்குரிய படங்களே மிகுந்திருக்க வேண்டும்.

இக்கட்டத்தில் ஓர் எண்ணைச் சொல்லித் தரலாம். 1995இல் வெளியான ஓர் ஆய்வில், வயிற்றறைக்குள் திரவத்தைச் சிறிது சிறிதாகச் செலுத்திக்கொண்டே மாரிசன் இடுக்கை ஸ்கேன் செய்தார்கள். பரிசோதிப்பவர்கள் அதைக் கண்டறிந்தபோது உள்ளே சென்றிருந்த சராசரி அளவு ஏறத்தாழ 620 மில்லிலிட்டர். 400 மில்லிலிட்டருக்குக் குறைவான அளவிலேயே கண்டவர்கள் பத்தில் ஒருவர்தான். அரை லிட்டர் இரத்தம் உள்ளே இருக்கும்போதும் திறமையான கை இல்லை என்று சொல்லக்கூடும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த விரிவுரையும் உணர்த்தாது. தலைப்பக்கத்தைச் சற்றுத் தாழ்த்துவதும், சிறிது நேரம் கழித்தோ நிலை மாறும்போதோ மீண்டும் பார்ப்பதும் ஏன் வலியுறுத்தப்படுகின்றன என்பதும் அப்போது விளங்கும்.

ஐந்தாம் படி: மேற்பார்வையில் உண்மையான நோயாளிகள்

இங்கே நோயாளியின் நலனே முதன்மையானது. பயிற்சிக்காகச் செய்யும் ஸ்கேன், மூச்சுவழியைக் காப்பதையோ இரத்தம் ஏற்றுவதையோ அறுவை அரங்குக்கு அழைத்துச் செல்வதையோ ஒரு நிமிடமும் தாமதிக்கச் செய்யக் கூடாது. நிலையாக இருக்கும் நோயாளிகளில் தொடங்கி, பின்னரே நிலை குலைந்தவர்களிடம் செல்ல வேண்டும். அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி காயமுற்றோரின் உயிர்காக்க நடத்தும் ஏ.டி.எல்.எஸ். பயிற்சி இப்பரிசோதனையை முதல்நிலை ஆய்வுக்குத் துணையாகவே வைத்திருக்கிறது. துணை, தலைவனாக மாறிவிடக் கூடாது.

ஒவ்வொரு ஸ்கேனையும் காணொளியாகச் சேமித்து, நேரத்தையும் பக்கத்தையும் குறித்து, மூன்று விடைகளுள் ஒன்றை ஒவ்வோர் இடத்துக்கும் எழுதச் சொல்ல வேண்டும். பயிற்சி பெறுபவர் தம் விடையைச் சி.டி. ஸ்கேனின் முடிவோ அறுவையில் கண்டதோ தெரிவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்கக் கூடாது; பின்னர் எழுதப்படும் விடை எப்போதும் சரியாகவே இருக்கும். பயிற்றுநர் அந்தப் பதிவுகளை ஒரு வாரத்துக்குள் பார்த்து, உண்மை முடிவோடு ஒப்பிட்டு, எழுத்தில் கருத்துத் தர வேண்டும். மூன்று மாதம் கழித்து வரும் கருத்து யாருக்கும் பயன்படாது.

எத்தனை ஸ்கேன்கள் போதும் என்று எல்லாரும் கேட்பார்கள். அமெரிக்க அவசர மருத்துவர் கல்லூரியின் வழிகாட்டுதல், ஒவ்வொரு வகைப் பரிசோதனைக்கும் தரம் சரிபார்க்கப்பட்ட 25 முதல் 50 ஸ்கேன்களைக் குறிப்பிடுகிறது. இதை மதிப்பீட்டுக்கு வருவதற்கான நுழைவுத் தகுதியாகக் கொள்ளலாம். தேர்ச்சிக்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது. சிலர் 20இல் தேறிவிடுகிறார்கள், சிலர் 60 கடந்தும் இடப்பக்கத்தில் உதரவிதானத்தை அடைவதில்லை. குறிப்பேட்டில் 50 பதிவுகள் இருந்து அவற்றுள் 48 இயல்பானவை என்றால், அவர் இல்லை என்று எழுதுவதில் தேர்ந்தவர் என்பதே அதிலிருந்து தெரியவருவது.

ஆறாம் படி: மதிப்பீடு

படத்தைப் பெறுதல், படத்தைப் படித்தல், அதைக்கொண்டு முடிவெடுத்தல் ஆகிய மூன்றும் தனித்தனித் திறன்கள். தனித்தனியே சோதிக்கப்பட வேண்டும். மூன்றையும் கூட்டி ஒரே மதிப்பெண்ணாக்கினால் ஒன்றின் பலம் மற்றொன்றின் குறையை மூடிவிடும்.

படத்தைப் பெறும் திறனை நேரில் நின்று பார்த்தே மதிப்பிட முடியும். இதற்கெனச் சோதித்து வெளியிடப்பட்ட கருவிகள் உள்ளன: ஃபாஸ்ட் பரிசோதனைக்காகவே உருவான குயிக் மதிப்பெண் முறை, அல்ட்ராசவுண்ட் திறன் அனைத்துக்கும் பொதுவான ஓசாஸ் அளவுகோல் ஆகியவை அவற்றுள் சில. குயிக் முறையில் செயல்களைச் சரிபார்க்கும் பட்டியலும், ஒட்டுமொத்தத் திறனை எடைபோடும் தரவரிசையும் இணைந்துள்ளன. இந்த இணைப்பு காரணமின்றி ஏற்பட்டதன்று. பட்டியல் மட்டும் இருந்தால், எல்லாச் செயல்களையும் செய்து எதையும் பார்க்காதவர் தேறிவிடுவார். தரவரிசை மட்டும் இருந்தால், தேர்வாளருக்குப் பிடித்த நடையுடையவர் தேறிவிடுவார். சொந்தமாகப் படிவம் தயாரிப்பவர்கள், ஒவ்வோர் இடத்துக்கும் முழுமையாகப் பார்த்தல் என்றால் என்ன என்பதைச் சொற்களில் வரையறுக்க வேண்டும். கல்லீரலின் கீழ்நுனி தெரிந்தது, மண்ணீரலுக்கு மேலே உதரவிதானம் தெரிந்தது, சிறுநீர்ப்பை இரு வாக்கிலும் பார்க்கப்பட்டது என்பது போல.

தேர்வாளர் இருவர் இருந்தால், தேர்வுக்கு முன்பே இருவரும் ஒரே பதிவுகளைத் தனித்தனியே மதிப்பிட்டு, எங்கே வேறுபடுகிறார்கள் என்று பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். தேர்ச்சி எல்லையையும் மனம்போன போக்கில் 70 என்றோ 80 என்றோ வைக்கக் கூடாது. அதே தேர்வைப் புதியவர் குழுவுக்கும் அனுபவமிக்கவர் குழுவுக்கும் நடத்தி, இரு குழுக்களின் மதிப்பெண் பரவல்கள் வெட்டிக்கொள்ளும் இடத்தை எல்லையாகக் கொள்வது அறியப்பட்ட முறைகளுள் ஒன்று. அனுபவமிக்கவர்களும் தடுமாறுகிறார்கள் என்றால் குறை தேர்வில் இருக்கிறது என்பதையும் அது காட்டிக்கொடுக்கும்.

படத்தைப் படிக்கும் திறனுக்குக் காணொளித் தேர்வு போதுமானது. அதில் மூன்றில் ஒரு பங்கேனும் சொல்ல இயலாது என்பதே சரியான விடையாக அமையும் பதிவுகள் இருக்கட்டும். எல்லாப் படங்களிலும் திரவத்தை வைத்திருக்கும் தேர்வு, எதைப் பார்த்தாலும் திரவம் என்பவரையே முதல்வராக்கும். சிறுநீரகத்தைச் சுற்றிய கொழுப்பு, நிறைந்த இரைப்பை, பித்தப்பை, சிறுநீரக நீர்க்கட்டி, உறைந்து சாம்பல் நிறமாகிவிட்ட இரத்தம் ஆகிய மயக்கும் காட்சிகள் ஒவ்வொன்றும் ஒருமுறையாவது வர வேண்டும். உறைந்த இரத்தத்தைப் பலர் தவறவிடுவார்கள். கருமையை மட்டுமே தேடக் கற்பித்ததன் விளைவு அது.

முடிவெடுக்கும் திறனே மிகக் குறைவாகச் சோதிக்கப்படுவது. பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்து 2018இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு, மழுங்கல் காயத்தில் (உடலைத் துளைக்காத அடியில்) படுக்கையருகே செய்யும் அல்ட்ராசவுண்ட், காயமுள்ள 100 பேரில் ஏறத்தாழ 74 பேரைக் கண்டறிவதாகவும், காயமற்ற 100 பேரில் ஏறத்தாழ 96 பேரைச் சரியாக விலக்குவதாகவும் மதிப்பிட்டது. ஆம் என்ற விடையின் எடை வேறு, இல்லை என்ற விடையின் எடை வேறு என்பதே இதன் பொருள். குழந்தைகளில் இல்லை என்ற விடை இன்னும் எடை குறைந்தது. தேர்வில் ஒரு சூழலைத் தந்து கேட்க வேண்டும்: இரத்த அழுத்தம் சரிந்துள்ளது, வயிற்றில் திரவம் தெரிகிறது, அடுத்து என்ன? அழுத்தம் சீராக உள்ளது, ஸ்கேன் இயல்பு, ஆனால் வயிறு தொட்டால் வலிக்கிறது, அடுத்து என்ன? அழுத்தம் சரிந்துள்ளது, ஸ்கேன் இயல்பு, இடுப்பெலும்பு முறிந்துள்ளது, இரத்தம் எங்கே போயிருக்கும்? இரண்டாம் கேள்விக்கு வீட்டுக்கு அனுப்பலாம் என்று விடை சொல்பவர், எவ்வளவு அழகான படத்தை எடுத்தாலும், இன்னும் தேறவில்லை.

தேர்ச்சிக்குப் பிறகு

தேறாதவரைப் பயிற்சியின் தொடக்கத்துக்கே அனுப்புவது இருவருக்கும் வீண். மூன்று திறன்களுள் எது குறைந்தது என்பதை மதிப்பெண் தாளே சொல்லும். படம் பெறுவதில் குறை என்றால் மூன்றாம் படிக்கும், படிப்பதில் குறை என்றால் காணொளித் தொகுப்புக்கும், முடிவெடுப்பதில் குறை என்றால் மேற்பார்வையாளருடனான உரையாடலுக்கும் அனுப்ப வேண்டும்.

தேறியவரின் கையும் பயன்படுத்தாவிட்டால் மழுங்கும். மாதந்தோறும் ஒவ்வொருவரின் பதிவுகளிலிருந்தும் சிலவற்றைக் குலுக்கல் முறையில் எடுத்துத் தரம் பார்ப்பதும், பிழையான விடைகள் அனைத்தையும் பெயர் குறிப்பிடாமல் குழுவாகப் பேசுவதும் போதுமான காவல். அப்போது ஒருவரின் ஏட்டில் பல மாதங்களாகச் சொல்ல இயலாது என்ற விடை ஒன்றுகூட இல்லையென்றால், அவரைப் பாராட்டும் முன் அவருடைய பதிவுகளைக் கூடுதலாகச் சிலவற்றைப் பார்ப்பது நல்லது. துறைக்குப் புதிய கருவி வந்தால், எவ்வளவு மூத்தவராயினும், ஆழமும் ஒளிர்வும் எந்தப் பொத்தானில் உள்ளன, இரத்தம் பட்ட புரோப்பை எந்தக் கரைசலால் துடைக்கலாம் என்பதை அறிய, நோயாளி இல்லாத நேரத்தில் அதனோடு அரை மணி நேரமாவது செலவிட வேண்டும்.